பிடிக்காத வேலை, அடையாத கடன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில், பர்சனல் லோன் விற்கும் பிரிவில் ஐந்து வருடம் இரண்டு மாதம் இருந்தேன். பகலெல்லாம் அடுத்தவருக்குக் கடன் விற்பேன். மாதம் ஐந்தாம் தேதி என் கணக்கிலிருந்தே தவணை போகும். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய நாலு லட்சம், அதே கல்யாணத்தில் ஏறிய கிரெடிட் கார்டு பாக்கி, சித்தப்பாவிடம் கைமாத்து. வேலையோ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் திங்கட்கிழமையை நினைத்து வயிறு பிசையும் ரகம். 2025 மார்ச்சில் வெளியே வந்தேன். அன்றிலிருந்து கூட வேலை பார்த்தவர்கள், சொந்தக்காரப் பிள்ளைகள், அவர்களின் நண்பர்கள் என்று பலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் மாதச் சம்பளத்தில் இருப்பவரை மனதில் வைத்து எழுதியது.

தினமும் ராஜினாமா மெயில் டைப் செய்து அழிக்கிறேன். கடனை வைத்துக்கொண்டு வேலையை விடுவது முட்டாள்தனமா?

விடலாமா கூடாதா என்று யோசிக்கும்வரை அந்த மெயிலை டைப் செய்து அழித்துக்கொண்டேதான் இருப்பீர்கள். நான் பதினான்கு மாதம் அப்படி இருந்தேன். என்றைக்கு விடுவது என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் கணக்கில் கிடைக்கும்.

கணக்கு சின்னது. வட்டி அதிகமுள்ள கடன் எவ்வளவு பாக்கி, வேலை இல்லாமல் மூன்று மாதம் ஓட்ட எவ்வளவு வேண்டும், இரண்டையும் கூட்டுங்கள். மாதம் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதால் வகுங்கள். கார்டில் 90,000, கையிருப்புக்கு 85,000, மாதம் மிஞ்சுவது 6,000 என்றால் ஏறக்குறைய 29 மாதம். முதலில் இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. இரண்டரை வருடமா என்று. ஆனால் அடுத்த வாரமே அலுவலகத்தில் மேலாளர் கத்தும்போது மனசுக்குள் ஒரு எண் ஓடியது: இன்னும் 28. இத்தனை நாள் முடிவில்லாத கிணற்றுக்குள் இருந்த மாதிரி இருந்தது. இப்போது படி எண்ண முடிந்தது.

தேதி தள்ளிப் போகும், அதை இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் குறித்தது 2024 ஜூன். அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் வந்தது, ஒன்பது மாதம் தள்ளியது. தள்ளிப் போன தேதிகூட ஒரு தேதிதான்.

தேதியெல்லாம் பார்க்காமல் உடனே வெளியேற வேண்டிய நிலை உண்டா?

உண்டு. தூக்கம் வாரக்கணக்கில் போய்விட்டது, நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது, டாக்டரே ஓய்வு எடு என்கிறார் என்றால் 29 மாதக் கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தால்கூட அன்றைக்கே யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். டெலி-மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். மாநில அரசின் 104-க்கும் அழைக்கலாம். கடன் எவ்வளவாக இருந்தாலும் அது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். வசூல் பிரிவுக்காரர்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்: பேசவே முடியாத கடன் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

மாதச் சம்பளம் 21,000 வரை வாங்கி ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கப்படுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. உரிய பங்களிப்பு நாட்கள் இருந்து, ஈஎஸ்ஐ மருத்துவர் சான்றும் கொடுத்தால் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. வேலையை விடாமலே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஈஎஸ்ஐ அட்டையைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் எடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

பாலியல் தொந்தரவு என்றால் அது ‘வேலை அழுத்தம்’ கணக்கில் சேராது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

நாலு இடத்தில் கடன். எதை முதலில் அடைப்பது?

எல்லா வட்டியையும் முதலில் ஒரே பாஷைக்குக் கொண்டுவாருங்கள். நம் ஊரில் ‘நூத்துக்கு மூணு வட்டி’ என்பார்கள், கேட்கச் சின்னதாக இருக்கும். மாதம் மூன்று, வருடத்துக்கு 36 சதவீதம். ‘ரெண்டு வட்டி’ என்றால் 24. கார்டுக்காரர் மாதம் 3.5 என்பார், அது 42. பர்சனல் லோன்காரர் மட்டும் வருடக் கணக்கில் 15 என்பார், அதனால் அதுதான் பெரிதாகத் தெரியும். தண்டல், மீட்டர் வட்டி இவை இந்தப் பட்டியலுக்கே வரக்கூடாதவை. 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் அவற்றைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது.

என் கார்டுக் கதையைக் கேளுங்கள். பாக்கி 90,000. மாதா மாதம் ‘மினிமம் டியூ’ (கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) என்று 5 சதவீதம், அதாவது 4,500 கட்டிக்கொண்டிருந்தேன். கட்டுகிறோமே, குறையும் என்ற நம்பிக்கை. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 3,150. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 567. ஆக 4,500-இல் அசலைத் தொட்டது 783 ரூபாய். கடன் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. இன்னொன்று, பாக்கி வைத்திருக்கும்போது அதே கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

அதனால் என் வரிசை: கார்டும் ஆப் கடனும் முதலில், தனியார் வட்டி அடுத்து, பர்சனல் லோன் அதன் தவணைப்படி, வீட்டுக் கடன் கடைசியில். சின்னக் கடனை முதலில் முடித்தால் தெம்பு வரும் என்பார்கள். வட்டி ஒரே அளவில் இருந்தால் சரி. 42 சதவீதத்தை ஓடவிட்டுவிட்டு 12 சதவீதத்தை அடைத்து வரும் தெம்பு எனக்கு வேண்டாம்.

பர்சனல் லோனை முன்கூட்டியே அடைக்கும் ஆசை வந்தால் முன்கூட்டி அடைப்பதற்கு எவ்வளவு கட்டணம் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். நிலையான வட்டி லோன்களில் பாக்கி அசலில் சில சதவீதம் பிடிப்பார்கள். கடைசி வருடத்தில் தவணையில் பெரும்பகுதி அசலாகத்தான் போகும், அப்போது முன்கூட்டி அடைத்து மிச்சமாகும் வட்டி சொற்பம்.

பீரோவில் இருக்கும் நகையை அடகு வைத்துக் கார்டை அடைக்கலாமா?

என் அபிப்பிராயம்: வைக்கலாம், ஒரே ஒரு நிபந்தனையோடு. அதே நாளில் கார்டைக் கத்தரியால் வெட்ட வேண்டும்.

நான் வைத்தேன். அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும் என் செயினும். வங்கியில் 90,000, வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம். மாதம் 3,717 போன இடத்தில் 750. மிச்சமான மூவாயிரத்தை அசலில் கட்டினேன். நகைக் கடனில் கையில் காசு கிடைக்கும்போதெல்லாம் அசலில் கொஞ்சம் கட்டலாம், இந்தச் சௌகரியம் பலருக்குத் தெரிவதில்லை. வருடக் கடைசியில் மொத்தமாகத் திருப்பலாம் என்று விட்டுவிட்டு, அன்று காசில்லாமல் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்து, அடுத்த வருடமும் மாற்றி வைத்து, கடைசியில் நகை மூழ்கிப் போன வீடுகள் எத்தனையோ. எங்கள் தெருவிலேயே இரண்டு.

கூட்டுறவுச் சங்கம், பொதுத்துறை வங்கி, அப்புறம்தான் நகைக்கடன் கம்பெனிகள் என்ற வரிசையில் வட்டியை விசாரியுங்கள். மார்வாடிக் கடையில் வைப்பது வேகம், ஆனால் வட்டியை மாதக் கணக்கில் சொல்வார்கள், பன்னிரண்டால் பெருக்க மறக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லாமல் பீரோவைத் திறக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சித்தப்பாவிடம் வாங்கியதற்கு வட்டியே இல்லை. அதைக் கடைசியில் கொடுத்தால் போதுமா?

கணக்குப்படி போதும். ஆனால் கைமாத்துக் கடன் வட்டியை வேறு இடத்தில் வசூலிக்கும். அவர் வீட்டு வளைகாப்புக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனால் உங்களுக்கே கூசும். புது செல்போன் வாங்கினால் சித்தி கண்ணில் படாமல் வைத்திருப்பீர்கள். அவர் கேட்கவே மாட்டார், அதுதான் கஷ்டம்.

40,000 வாங்கியிருந்தேன். ஆறு மாதம் தலைமறைவாகத் திரிந்த பிறகு ஒருநாள் நேரில் போய், “சித்தப்பா, மொத்தமா இப்ப முடியாது, மாசம் ஆயிரம் போடுறேன், கார்டு முடிஞ்சதும் அஞ்சாயிரமா ஆக்கிடுறேன்” என்றேன். “அதுக்கென்னப்பா, மொதல்ல சாப்பிடு” என்றார். மாதா மாதம் ஆயிரம் போனது. அந்த ஆயிரத்தால் எனக்கு வட்டி எதுவும் மிச்சமாகவில்லை, ஆனால் சொந்தத்தில் ஒரு வீட்டு வாசல் திறந்தே இருந்தது. வேலையில் மனசு உடையும் காலத்தில் உட்கார்ந்து பேச ஒரு வீடு வேண்டாமா?

மொய்யும் கடன்தான், ஆனால் எந்தக் கடன் ஸ்கோரிலும் வராது. கல்யாணத்துக்கு வந்த மொய் நோட்டை எடுத்து, யார் வீட்டில் அடுத்த இரண்டு வருடத்தில் விசேஷம் வரும் என்று குத்துமதிப்பாக ஒரு பட்டியல் போடுங்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். ஆடி மாதம் மொய் விருந்து வைத்து லட்சக்கணக்கில் வசூலாகும் ஊர்கள் அவை. வாங்கியதைக் கூட்டித் திருப்பிச் செய்யாவிட்டால் பெயர் கெடும். எனக்கு மாதம் 1,500 இதற்கென்றே ஒதுக்க வேண்டியிருந்தது. பட்ஜெட்டில் ‘இதர செலவு’ என்று போட்டால் ஆவணியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடனே அடையவில்லை, சேமிப்பு எதற்கு? எல்லாவற்றையும் கடனிலேயே கட்டிவிடலாமே?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டாம் மாதமே பைக் நின்றது, 6,500 செலவு, திரும்பவும் கார்டு. அப்போதுதான் புரிந்தது. கையில் ஒன்றுமில்லாதவன் கடனை அடைக்கவில்லை, ஒரு பக்கம் அடைத்து மறு பக்கம் வாங்குகிறான்.

முதலில் ஒரு சின்னத் தொகை. எனக்கு 15,000. ஒரு மாதத் தவணையும் கொஞ்சம் சில்லறையும். அது சேரும்வரை கடனுக்குக் குறைந்தபட்சம் மட்டும். சேர்ந்ததும் முழு வேகத்தில் வட்டி அதிகமுள்ள கடன். அது முடிந்ததும் மூன்று மாதக் கையிருப்பு. வீட்டில் உங்கள் சம்பளம் ஒன்றுதான் என்றால் ஆறு மாதம்.

எங்கே வைப்பது? சம்பளக் கணக்கு இல்லாத இன்னொரு வங்கியில், கார்டும் யூபிஐயும் இல்லாத கணக்கில். ஆர்டி (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுவதானால் வங்கியில். அஞ்சலக ஆர்டி நல்லதுதான், ஆனால் ஐந்து வருடக் கணக்கு. மூன்று வருடத்துக்கு முன் மூட முடியாது, அவசரப் பணத்துக்கு அது ஆகாது. ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. நம் அளவுக்கு அது தாராளம்.

சீட்டு?

பதிவு செய்த ஏலச்சீட்டு என்றால், கடனை அடைக்க ஒரு மொத்தத் தொகை வேண்டும்போது உதவும். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். அவசரத்துக்கு ஏலத்தில் தள்ளுபடி கொடுத்து முன்கூட்டியே எடுத்தால் அந்தத் தள்ளுபடியில் போகும் தொகைதான் உங்கள் வட்டி, அதையும் வருடக் கணக்கில் போட்டுப் பாருங்கள். தெரு அக்கா நடத்தும் தீபாவளிச் சீட்டு ஐந்நூறு ரூபாயோடு நிற்கட்டும்.

சம்பளம் மோசமில்லை. ஆனாலும் இருபதாம் தேதி கை காலி. எங்கே போகிறது?

பெரும்பாலும் வேலையே திருப்பி வாங்கிக்கொள்கிறது. ஒரு மாதம் முழுக்க, வேலை மோசமாக இல்லாவிட்டால் செய்திருக்கமாட்டேன் என்று தோன்றிய செலவுக்கெல்லாம் செல்போனில் ஒரு புள்ளி வைத்தேன். இரவு பத்தரைக்கு வந்து சமைக்கத் தெம்பில்லாமல் ஆர்டர் செய்த பிரியாணி, காலையில் எழ முடியாமல் பிடித்த ஆட்டோ, கூட்டம் முடிந்ததும் நாலு பேரோடு டீயும் சிகரெட்டும், சனிக்கிழமை பீர், டார்கெட் முடிந்த குஷியில் ஒரு ஷூ. மொத்தம் 6,300. கையில் வந்தது 34,000, அதில் இது போனபின் விழுந்த பற்றாக்குறைதான் கார்டில் ஏறியிருக்கிறது.

இதை முழுக்க வெட்ட முயற்சி செய்யாதீர்கள். செய்து பார்த்தேன், மூன்றாம் வாரம் ஒரே நாளில் 2,800 செலவழித்தேன். 2,000 என்று ஒரு வரம்பு வைத்து, அதை ரொக்கமாக எடுத்து வைத்துக்கொண்டேன். தீர்ந்தால் தீர்ந்தது. பல்லாவரத்தில் எங்கள் மூன்று பேர் அறையில் ஞாயிற்றுக்கிழமை சாம்பாரும் புளிக்காய்ச்சலும் செய்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தோம். வார இரவுகளில் சோறு வடித்தால் போதும். மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் இதிலேயே நின்றது.

இருக்கும் வேலையையே கொஞ்சம் தாங்கும்படி ஆக்க முடியுமா? யோகா செய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சொல்லவில்லை. எனக்குப் பலன் தந்தவை இரண்டுதான். ஒன்று, பிரிவு மாற்றம். நிறுவனம் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாதி மோசம் ஒரு மேலாளர். விற்பனையிலிருந்து ஆவணம் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றக் கேட்டேன். இன்சென்டிவ் மாதம் நாலாயிரம் வரை போகும் என்றார்கள், அதனால் கார்டு முடியும்வரை பொறுத்துக்கொண்டு அதன்பின் மாறினேன். கடைசிப் பதினைந்து மாதம் வயிறு பிசையவில்லை.

இன்னொன்று, லீவு. அடுத்த வருடம் காசாகும் என்று லீவைச் சேர்த்து வைத்திருந்தேன். மாதம் ஒரு நாள், அதுவும் புதன்கிழமை, எடுக்க ஆரம்பித்தேன். ஊருக்குப் போகவில்லை. தூங்கினேன்.

ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட்டில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கு: இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் திருத்தமே கொண்டுவந்திருக்கிறார்கள். அதே சட்டத்தில் வேலை நேரம் நாளுக்கு எட்டு மணி. நடைமுறை வேறு என்று தெரியும். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நிற்பதற்கும் தெரியாமல் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பிஎஃப் பணத்தை எடுத்துக் கடனை அடைத்துவிடலாமா?

வேண்டாம். வேலையில் இருக்கும்போது எடுக்கும் முன்பணம் மருத்துவம், கல்வி, திருமணம், வீடு போன்ற தேவைகளுக்கென்று வைத்தது, கார்டு பாக்கிக்காக அல்ல. வேலையை விட்டு எடுத்தால், ஐந்து வருடத் தொடர் சேவை இல்லாதபோது அது வருமானக் கணக்கில் சேர்ந்து வரி வரும். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம், அரசு ஒப்புதலோடு அறிவிக்கும் வட்டி. புது வேலைக்குப் போனால் அதே யூஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) மாற்றிக்கொள்ளுங்கள், பழைய வருடங்களும் சேவைக் கணக்கில் சேரும்.

நாலரை வருடம் ஆகிவிட்டது. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்காக இன்னும் ஆறு மாதம் இருக்கலாமா?

உடம்பு தாங்கினால் இருங்கள். நான் விலகிய 2025 மார்ச்சில் இருந்த கணக்கு: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். எனக்கு அந்தச் சம்பளத் தொகை 15,600. ஐந்து வருடத்துக்குக் கிராஜுவிட்டி 45,000. நாலு தவணை.

நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் என்பது 1972 முதல் உள்ள விதி. ஐந்தாம் வருடத்தில் 240 நாள் முடிந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் எச்ஆர் அதை வைத்துத் தகராறு செய்தால் நீங்கள் தொழிலாளர் துறைக்கு அலைய வேண்டும். நான் முழு ஐந்து முடித்துவிட்டே கடிதம் கொடுத்தேன், அலைய எனக்குத் தெம்பில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் குறித்த கால ஒப்பந்த ஊழியருக்கு ஒரு வருடமே போதும். உங்கள் நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

தவணை தவறிவிட்டது. அலுவலகத்துக்கே போன் செய்கிறார்கள். என்ன செய்வது?

போனை எடுங்கள். எடுக்காதவர் பட்டியல் ஒன்று உண்டு, அதில் விழுந்தவருக்குத்தான் ஆள் வரும். ‘இந்தத் தேதியில் இவ்வளவு’ என்று சொல்லி, அதையே மெயிலிலும் அனுப்புங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டக் கேட்பதும் எழுத்தில் இருக்கட்டும். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்கு அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. சொந்தக்காரருக்கு, கூட வேலை செய்பவருக்குப் போன் போட்டு அவமானப்படுத்தவும் கூடாது. புகாரை முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்), விசாரிக்க 14448.

‘செட்டில்மென்ட்’ என்று பாதித் தொகையில் முடிக்கச் சொல்வார்கள். இனிக்கும். ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்ட்’ என்று நிற்கும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால் அந்த ஒரு சொல்லைக் காட்டியே திருப்பி அனுப்புவார்கள். நானே அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேறு வழியே இல்லாதவர் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து அது.

வீட்டில் சொல்வதா, மறைப்பதா?

கடனைச் சொல்லுங்கள். வேலை படுத்தும் பாட்டை அளவாகச் சொல்லுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்: கடனை மறைத்து, அலுவலகப் புலம்பலை மட்டும் தினமும் அம்மாவிடம் கொட்டினேன். “அப்ப விட்டுட்டு வாடா, ரெண்டு இட்லி சாப்பிட்டாவது இருக்கலாம்” என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் வரும். அவருக்குத் தெரியாது எவ்வளவு என்று. தெரிந்த அன்றைக்குச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவரும் அவர்தான். கல்யாணம் ஆனவர்கள் துணையிடம் எண்ணோடு சொல்லுங்கள், ‘கொஞ்சம் கடன் இருக்கு’ என்பது சொன்னதாகாது.

சம்பளம் குறைந்தாலும் நிம்மதியான வேலை கிடைத்தால் போகலாமா?

வட்டி அதிகமுள்ள கடன் முடிந்திருந்தால் போகலாம். நான் 34,000-இலிருந்து 29,000-க்குத் திருச்சியில் ஒரு அலுவலகக் கணக்கு வேலைக்கு வந்தேன். வாடகையில் மிச்சமானதும், முன்பு சொன்ன 6,300 ரூபாய்ச் செலவில் மிச்சமானதும் சேர்த்துப் பார்த்தால் கையில் நிற்பது முன்னைவிட அதிகம். பர்சனல் லோனில் ஏழு தவணை பாக்கி இருந்தது, 77,924. கிராஜுவிட்டியும் கையிருப்பும் அதைத் தாங்கும் என்று எழுதிப் பார்த்த பிறகே வந்தேன்.

ஆஃபர் லெட்டர் கையில் வராமல் வாயால்கூட விலகல் சொல்லாதீர்கள். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் புது இடத்தில் முன்கூட்டியே பேசுங்கள். விலகியவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்பது இப்போது சட்டம். உங்கள் பட்ஜெட்டை மட்டும் அது ஒன்றரை மாதம் கழித்து வரும் என்று வைத்துப் போடுங்கள். அலுவலகக் குழுக் காப்பீடு கடைசி நாளோடு போய்விடும், எனவே விலகுவதற்கு முன்பே சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். தொடக்கக் காத்திருப்பு 30 நாள், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

கடைசித் தவணை கட்டியாகிவிட்டது. இனி ஒன்றும் இல்லையே?

மூன்று வேலை இருக்கிறது. பாக்கி இல்லை என்ற சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகள் இருந்தால் திரும்பக் கேளுங்கள். தானாகத் தவணை பிடிக்கும் அனுமதியை உங்கள் வங்கியில் ரத்து செய்யுங்கள். ஒன்றரை மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து, கடன் ‘குளோஸ்டு’ என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம்.

மூன்று என்று சொல்லி நாலு சொல்லிவிட்டேன். அந்த அனுமதி ரத்து செய்வதை நான் விட்டுவிட்டேன். 2025 செப்டம்பரில் 48-ஆவது தவணை முடிந்து, அக்டோபர் ஐந்தாம் தேதி காலையில் 49-ஆவதாக 11,132 ரூபாய் போன மெசேஜ் வந்தது. திரும்ப வர பதினான்கு நாள் ஆனது.